கோயில் நெருப்பு வரவில்லை

காலை பஸ் ஆட்டையாம்பட்டியில் நின்றதும் கண்டக்டர் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "டீச்சரம்மா, உங்ககூட இருந்த டிரில் டீச்சர் ரத்தினத்தம்மா விடியக்காலம் தவறிட்டாங்க. சாயங்காலம் எடுக்கறாங்களாம்." தையல் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு எதிர் பஸ்ஸில் ஏறினேன். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ். மேடு வந்தால் இறங்கி நடக்க வேண்டும். பரமத்தி வேலூர் சேரும்வரை எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

டிரில் என்பது பெயருக்கு. அவர் சொல்லிக்கொடுத்தது நாட்டியம். நாட்டியம் என்று சொன்னால் எந்தத் தகப்பன் பெண்ணை அனுப்புவான்? தலைமை ஆசிரியை செய்த தந்திரம் அது.

வேலூர்ப் பக்கம் ஆற்றங்கரைக் கோயிலொன்றில் பொட்டுக்கட்டி ஆடியவர் ரத்தினத்தம்மாள். அக்காள் இறந்து, அவள் மகள் கமலம் இவர் கைக்கு வந்தாள். அவளுக்கும் பொட்டுக்கட்ட நாள் பார்த்தபோது, "என்னோட போகட்டுங்க. இவ படிக்கட்டும்" என்று மறுத்துவிட்டார். கோயிலில் ஆடியவள் இறந்தால் சாமி மாலையும் மடைப்பள்ளி நெருப்பும் வந்த பிறகே பிணத்தை எடுப்பார்கள். அந்த வீட்டுப் பெண்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. "நீ செத்தா அதெல்லாம் வராது, தெரிஞ்சுக்க" என்றார்கள் பெரிய மனிதர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வண்டி ஏறிவிட்டார்.

அவரிடம் படித்த பிள்ளைகளுக்கு நினைவிருக்கும், சலங்கையே கிடையாது. "சலங்கை தப்ப மறைச்சுருஞ்சாமி. வெறுங்கால் மறைக்காது" என்பார். நெசவாளர் வீட்டுப் பெண்களைப் பார்த்து, "தறி மிதிக்கற காலுக்கு நான் என்னத்தப் புதுசாச் சொல்றது?" என்று சிரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த வகுப்பில் மட்டும்தான்.

ஆண்டு விழாவில் வந்தது வினை. பெண்கள் அத்தனை பேரும் மேடைச் சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்து ஆடினார்கள். முன்வரிசை நாற்காலியில் இருந்த பெரிய அதிகாரிக்கு முதுகுதான் கிடைத்தது. பள்ளிக்கூடச் செயலாளர் பாய்ந்து வந்தார். "சாமியப் பாத்துத்தானுங்க ஆடிப் பழக்கம். மனுசரப் பாத்து ஆடறதுக்கு எனக்குச் சொல்லித்தரத் தெரியாதுங்க" என்றார் ரத்தினத்தம்மாள். இது யார் வீட்டுப் பழக்கம் என்று மறுநாளே ஊர் துருவிக் கண்டுபிடித்தது. தகப்பன்மார் பெண்களை நிறுத்தினார்கள். பள்ளிக்கூடம் இவரை நிறுத்தியது. வேலூருக்கே திரும்பி, கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் கூலிக்குப் போய்க் கமலத்தை வாத்தியார் படிப்புவரை படிக்கவைத்தார். காய்ச்சலோடும் வேலைக்குப் போனதில்தான் உயிர் போயிற்று.

நான் போனபோது உறவுக்காரப் பெண்கள் கோயில் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. வெயில் சாய்ந்தது, ஈ மொய்த்தது.

"இன்னும் யாருக்குங்க காத்திருக்கறோம்?" என்றாள் கமலம்.

"கோயில் நெருப்பு வராம எப்படி சாமி எடுக்கறது?" என்றாள் ஒரு கிழவி.

கமலம் உள்ளே போனாள். விடியற்காலையில் சின்னம்மாவுக்குக் கஞ்சி வைத்த அடுப்பு அது. குடிக்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று. சாம்பலைக் கிளறி மிச்சத் தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு வந்தாள். "எனக்கு ஆக்கிப்போட்ட அடுப்புங்க. இந்த நெருப்புப் போதும்." பாடையைத் தூக்கச் சொல்லிக் கிழவியே எழுந்தாள். அந்த வீடுகளில் பெண்கள் கொள்ளி வைப்பது புதிதல்ல.

சட்டியை ஏந்திக்கொண்டு கமலம் முன்னே நடந்தாள். கோயில் கதவு சாத்தியிருந்தது. மற்றவர்கள் நின்று கும்பிட்டார்கள். அவள் நிற்கவும் இல்லை, தலை தாழ்த்தவும் இல்லை. என் தோழி ரத்தினத்தம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நடைதான்.