வாசலில் பட்டினி

கண்மாய்க் கருவேலமர ஏலத்தில் மூண்ட சண்டையில் தங்கபாண்டியின் இடது கை மணிக்கட்டோடு போயிற்று. வெட்டியவன் பெரியப்பா மகன் நாகராஜ். அரிவாளை மண்ணில் துடைத்துவிட்டு டீக்கடைக்குப் போனான். பார்த்தவர்கள் பார்க்கவில்லை என்றார்கள். புண் ஆறியதும் தங்கபாண்டி மிச்சமிருந்த கையால் அரிவாள் தீட்ட ஆரம்பித்தான்.

அக்கா அருஞ்சுனைக்கு அவனைவிட்டால் யாருமில்லை. அவனைப் படிக்க வைக்கத்தான் அயர்லாந்து போனாள். அங்கே முதியோர் இல்லத்தில் பீத்துணி அலசினாள். புத்தி பிசகிய கிழவர் ஒருவர் குத்தியதில் முன்பல் போனது. திரும்பி வந்தபின் சொந்த ஊரான பரளச்சியில் அவள் பெயரே அயர்லாந்துக்காரி.

அந்த நாட்டில் முன்காலத்து வழக்கம் ஒன்று. அநியாயம் செய்தவன் பெரிய ஆளென்றால், அடிபட்டவன் அவன் வாசலில் போய்ப் பட்டினி கிடப்பான். உள்ளே இருப்பவன் நியாயத்துக்கு இறங்கி வரவேண்டும். வராமல் தின்றால் மானம் போயிற்று. அப்புறம் அவனுக்கு என்ன நேர்ந்தாலும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தம்பியிடம் சொன்னாள்.

"ராசாக்கமாரே பயந்துருக்காக. நான் போய் உக்காருறேன். அதுவரைக்கும் அருவாளத் தொடாத."

"அவன் என்ன ராசாவாக்கா? எச்சிக்கல."

"தொடாதடா. நீ செயிலுக்குப் போனா நான் யாருக்குடா பொங்குறது?"

விடிந்ததும் நாகராஜ் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, டேசனுக்கு வந்து நாந்தான் வெட்டுனேன்னு சொல்லு. அதுவரைக்கும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்."

மயிரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போட்டான். திரும்ப வந்தாள். விலாவில் மிதித்தான். ஊர்ந்து வந்தாள்.

"வெள்ளக்காரன் சோறு தின்ன ஒடம்புல்ல, தாங்குது" என்று தெருவைப் பார்த்துச் சிரித்தான்.

அவன் பெண்டாட்டி ரேணுகாதேவி அடுப்பை அணைத்தாள். "வாசல்ல ஒருத்தி பட்டினி கெடக்கையில நான் பொங்க மாட்டேன்." அறை விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

மதியம் நாகராஜ் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து, படியில் குத்தவைத்து, அருஞ்சுனை முகத்துக்கு நேரே தின்றான். எலும்பை அவள் மடியில் எறிந்தான்.

தெருமுனையில் நின்று தங்கபாண்டி அதைப் பார்த்தான்.

முதல் வெட்டு கழுத்தில் இறங்கியபோது நாகராஜ் வாயில் சோறு இருந்தது. அருஞ்சுனை தம்பியின் காலைக் கட்டிக்கொண்டாள். அவளையும் இழுத்துக்கொண்டே வெட்டினான்.

"தின்னுட்டாங்க்கா! நீதான சொன்ன, இவனுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லன்னு!"

கருவேலங்காட்டுக்குள் ஓடினான். எந்த இடம் என்று அவளுக்கு மட்டும் தெரியும். போலீஸ் கேட்டது, அறைந்தும் கேட்டது. தெரியாது என்றாள்.

பிணம் எரிந்த மறுநாள் காலை அவள் கதவைத் திறந்தபோது வாசலில் ரேணுகாதேவி. தாலி அறுத்தவள் வீட்டைவிட்டு வரக்கூடாத நாள்.

"மதினி, உள்ள வாங்க."

"ஒந்தம்பிய டேசன்ல கொண்டாந்து விடு. அதுவரைக்கும் பல்லுல தண்ணி படாது."

"வேணும்னா என்னய நாலு மிதி மிதிங்க. அவன விட்ருங்க."

ரேணுகாதேவி வாசற்படியில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

அருஞ்சுனை கதவைச் சாத்தினாள். பானையில் பழைய சோறு இருந்தது. ஒரு கவளம் அள்ளி வாய்வரை கொண்டுபோனாள். அப்படியே வைத்துவிட்டுக் காட்டுக்கு நடந்தாள்.

தங்கபாண்டி அரிவாளை ஓங்கினான். "கிட்ட வராதக்கா."

"வெட்டு."

அரிவாளைத் திருப்பி அதன் முதுகால் அடித்தான். தோள் எலும்பு சத்தமிட்டது. அவள் அவன் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டுக்கு வரும்வரை அடித்துக்கொண்டே வந்தான். அவள் பிடியை விடவில்லை.