சராசரிக் காற்று

மூத்தவளுக்கு வாய், இளையவளுக்குக் கணக்கு என்று உறவில் எல்லோரும் சொல்வதுண்டு. அப்படிச் சொல்லிச் சொல்லியே சின்னவளின் பெயர் வீட்டில் ‘கணக்கு’ என்று ஆகிவிட்டது. அக்காவைக் கட்டிக்கொண்ட அத்தானும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் பார்த்த வேலையும் கணக்குத்தான். ஒரு கட்டிடம் எழும்புவதற்கு முன்பே அதைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏழெட்டுப் பேர் உட்காரும் சின்ன அலுவலகம். ஜன்னலைத் திறக்க வழியில்லாதபடி கண்ணாடி பதித்திருந்தார்கள். “காத்தைப் பத்தி இவ்வளவு பேசறீங்க, ரூம்ல பொட்டுக் காத்து இல்லையேடி” என்று அக்கா முதல்முறை வந்தபோதே சொல்லிவிட்டுப் போனாள்.

காற்று நேராக ஓடுவதில்லை. பெரிய சுழல், அதற்குள் சின்னச் சுழல், அதற்குள் பொடிச் சுழல் என்று கொந்தளித்துக்கொண்டே ஓடும். அத்தனையையும் பிடித்துக் கணக்குப் போட்டால் ஒரு கட்டிடத்துக்கே மாதக்கணக்கில் ஆகும். அதனால் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தச் சுழல்கள் காற்றோட்டத்தைப் பிடித்து இழுக்கும் இழுப்பை ஒரு சூத்திரத்தால் ஊகித்துக்கொள்வார்கள். கொந்தளிப்புத் தகைவு என்று அதற்குப் பெயர். திறந்த வெளியில் அந்த ஊகம் சொன்ன பேச்சு கேட்கும். கட்டிடத்தின் முதுகுப்பக்கம் போனால் முரண்டு பிடிக்கும். இது அவளுக்கும் தெரியும், அவள் மேலாளருக்கும் தெரியும்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இரட்டைக் கோபுரக் கட்டிடம் ஒன்று வரப்போவதாக வேலை வந்தது. இரண்டு கோபுரங்களுக்கும் பின்னால், கடைகள் வரப்போகும் மூலை அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

“சார், அந்த மூலையை மட்டும் சுழலை நேரடியாப் பிடிச்சு ஓட்டிப் பாக்கலாமா?” என்று கேட்டாள்.

“எவ்வளவு நாள் ஆகும்?”

“ஒரு மாசமாவது ஆகும் சார்.”

“அவங்க வெள்ளிக்கிழமை கேக்கறாங்கம்மா. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. விதிமுறையும் இதைத்தான் கேக்குது.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. படம் வந்தபோது அந்த மூலை வெளிர் நீலமாக இருந்தது. நீலம் என்றால் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படிக்கலாம் என்று பொருள்.

கட்டிடம் எழும்பி முடிந்த வருஷம், அத்தானின் ஜெராக்ஸ் கடை இருந்த பழைய கட்டிடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் அக்கா சிரித்த முகமாக வந்தாள்.

“அந்த ரெட்டைக் கட்டிடத்துல மூலைக் கடை காலியா இருக்காம். நீ பாத்ததுதானே? அங்க காத்தெல்லாம் எப்படிடி?”

“சராசரியாப் பரவாயில்லக்கா. ஆனா...”

“பரவாயில்லன்னா போதும்.”

அந்த ‘ஆனா’ அக்காவின் காதில் ஏறவில்லை. கணக்கும் அதை விட்டுவிட்டாள். இழுத்துப் பிடித்துச் சொல்வதற்கு அவளிடம் ஒரு எண்கூட இல்லை. மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்பதற்காக ஒருத்தர் பிழைப்பை மறிக்க முடியுமா?

காற்றுக்காலம் வந்தது. கடைக் கதவைத் திறந்தால் போதும், உள்ளே இருக்கிற தாளெல்லாம் எழுந்து ஆடும். ஒரு புதுத் தம்பதியின் திருமணப் பதிவுச் சான்றிதழ் வாசலைத் தாண்டிப் பறந்துபோக, அத்தான் செருப்பைக்கூடப் போடாமல் பேருந்துகளுக்கு நடுவே துரத்திப் பிடித்தார். “முதல் வருஷமே கைவிட்டுப் போகப் பாத்துச்சு, பத்திரமா வச்சுக்கங்க” என்று கொடுத்து அனுப்பினார்.

அன்று கணக்கைப் பார்த்ததும் அவர் சொன்னார். “நீ சொன்னது சரிதான். சராசரியாப் பாத்தா பேப்பரெல்லாம் மேஜை மேலதான் இருக்கு. பாதி நேரம் கூரைல, பாதி நேரம் தரைல.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கணக்கும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வார்த்தை அவளைப் பிடுங்கித் தின்றது. அவர் விளையாட்டாகச் சொன்னதுதான் அங்கே நடந்துகொண்டிருந்தது. காற்று ஒரு நேரம் இடப்பக்கம் அடிக்கிறது, ஒரு நேரம் வலப்பக்கம். கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லையைத்தான் அவள் நீலத்தில் வரைந்து கொடுத்திருந்தாள்.

அடுத்த வாரம் அந்தக் கண்ணாடிக் கதவு அக்காவின் வலது கையில் அறைந்து சாத்தியது. இரண்டு விரல்கள் உடைந்தன. மருத்துவமனையில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது கணக்குக்கு.

அவள் பழைய கோப்பை மறுபடி திறந்தாள். ஒரே சூத்திரத்தால் ஊகிக்காமல், ஒவ்வொரு திசையின் தகைவுக்கும் தனிச் சமன்பாடு வைத்து ஓட்டினாள். கொஞ்ச தூரம் ஓடியதும் எண்கள் தாறுமாறாக ஏறி, கணினி கையை விரித்துவிட்டது. கணக்குப் போட இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வலையைப் பொடியாக்கி ஓட்டினாள். மறுபடி அதே கதி. கடைசியில் மேலாளரிடம் கேட்டு, விடுமுறை நாட்களில் எல்லாக் கணினிகளையும் சேர்த்து, சுழல்களை நேரடியாகவே பிடித்தாள். மூலை சிவப்பாக வந்தது.

படத்தை மேலாளரிடம் காட்டினாள்.

“நீ பண்ணது சரிம்மா. ஆனா கட்டிடம் நின்னாச்சு. இப்ப யாருகிட்ட போய் என்னன்னு சொல்றது?”

கட்டிட நிர்வாகியிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். மறுநாள் கதவில், ‘காற்று பலமாக வீசும், கவனமாகத் திறக்கவும்’ என்று ஒரு அட்டை தொங்கியது. அதற்கடுத்த நாள் அந்த அட்டையைக் காணோம்.

மூலையில் ஒரு தடுப்புச் சுவர் வைத்தால் என்ன என்று ஓட்டிப் பார்த்தாள். கடை வாசல் அடங்கியது. பேருந்து நிறுத்தம் சிவந்தது. சுவரைத் திருப்பினாள், குட்டையாக்கினாள், துளை போட்டாள். ஒவ்வொரு தடவையும் காற்று யாராவது ஒருத்தர் தலையில்தான் போய் விழுந்தது.

அக்காவிடம் காட்டியபோது அவள் திரையில் பேருந்து நிறுத்தத்தைத் தொட்டாள். “இங்க ஸ்கூல் பிள்ளைங்க நிப்பாங்கடி. வேணாம், விட்டுடு.”

கட்டுப் பிரித்த பிறகும் அக்காவின் மோதிர விரல் மடங்கவில்லை. புத்தகங்களுக்குச் சுருள் கம்பி கோப்பது அவள் வேலையாக இருந்தது. இப்போது அதையும் அத்தானே செய்தார். வேறு கடை தேடினார்கள், அகப்படவில்லை.

அதனால் சனிக்கிழமைகளில் கணக்கு அங்கே போய்விடுகிறாள். உள்ளே செய்ய அவளுக்கு வேலை எதுவும் இல்லை. வாசலில் நின்று, வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறாள். கைப்பிடி உள்ளங்கையில் ஒரு கணம் இழுக்கும், ஒரு கணம் தள்ளும், சில நேரம் செத்தது போல் கிடக்கும். அப்போது விட்டுவிடலாம் என்று தோன்றும்; விடுவதில்லை.

போன வாரம் ஒரு பெரியவர் கையில் கோப்போடு வெளியே போகக் கிளம்பினார்.

“இப்ப போலாமாடி? காத்து வருமா?” என்று உள்ளிருந்து அக்கா கேட்டாள்.

“தெரியலக்கா” என்றாள் கணக்கு. “மெதுவா வாங்கய்யா, நான் பிடிச்சிருக்கேன்.”