ரஸ்ஸல் வீட்டுச் சாமான்கள்

மெர்ல் பெரியம்மா மேற்கு ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான ரோபர்னில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். கோபம் வந்தால் கத்தமாட்டாள். ரொம்ப மரியாதையாகப் பேச ஆரம்பிப்பாள். அப்போதுதான் நாங்கள் ஓடி ஒளிவோம்.

அந்த வருடம் உரத் தொழிற்சாலைக்காரர்கள் எங்கள் பாறைகளுக்கு நடுவே சாலை போட வந்தார்கள். கடலோரச் செம்பாறைகளில் எங்கள் பூர்வகுடி முன்னோர் கங்காரு, ஈமு, ஆமை என்று உருவங்களைக் கொத்திவைத்திருக்கிறார்கள். ஊர்க் கூட்டத்தில் மேலாளர் ரஸ்ஸல் திரையில் படம் போட்டுக் காட்டினார்.

"ஒரு பாறையைக்கூட உடைக்கமாட்டோம். ரொம்ப மரியாதையா கிரேன்ல தூக்கி, வேலி போட்ட இடத்துல பத்திரமா வைப்போம். நீங்க எப்ப வேணாலும் வந்து பாக்கலாம். புதன்கிழமை மட்டும்."

"அது அங்கதாங்க இருக்கணும். நகர்த்துனா செத்துப்போயிடும்" என்றாள் கோரல் சின்னம்மா.

"புரியுது, புரியுது" என்று ரஸ்ஸல் அடுத்த படத்துக்குப் போனார்.

பெரியம்மா எழுந்தாள். "ரொம்ப நன்றி தம்பி. நல்லா விளக்குனீங்க."

நான் மெல்ல நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்தேன்.

சனிக்கிழமை காலை டிரெய்லரை இழுத்துக்கொண்டு பெரியம்மா, கோரல் சின்னம்மா, நான் மூவரும் பக்கத்து ஊர் கராத்தாவில் ரஸ்ஸல் வீட்டுக்குப் போனோம். அவர் மீன்பிடிக்கப் போயிருந்தார். அவர் மனைவி டெனிஸ் கதவைத் திறந்தாள்.

"வணக்கம்மா. உங்க வீட்டுச் சாமானெல்லாம் இடம் மாத்த வந்திருக்கோம். எதையும் உடைக்கமாட்டோம்" என்றாள் பெரியம்மா.

"எங்க கொண்டுபோய் வைப்பீங்க?"

"எங்க கோழிக்கொட்டாய் பக்கத்துல. வேலி இருக்கு. எப்ப வேணாலும் வந்து பாக்கலாம். புதன்கிழமை மட்டும்."

டெனிஸ் ஒரு கணம் முழித்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்த வசனத்தைத்தான் மனுஷன் வாரம் பூரா கண்ணாடி முன்னாடி ஒப்பிச்சாரு! உள்ள உடற்பயிற்சி மிஷின் ஒண்ணு இருக்கு. அதையும் எடுத்துக்கங்க. துணி காயப்போடத்தான் ஆகுது."

பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். வந்த போலீஸ்காரர், சின்ன வயதில் பெரியம்மாவின் பேருந்தில் வாந்தி எடுத்தவர்.

"என்ன அத்தை, திருட்டா?"

"சீச்சீ. வீட்டுக்காரம்மாவே ஒரு பக்கம் பிடிக்குது பாரு."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, மீன் வாளியோடு ரஸ்ஸல் வந்து சேர்ந்தார். கொல்லையிலிருந்த பழைய இரும்பு அடுப்பைக் கோரல் சின்னம்மாவும் நானும் தூக்கிக்கொண்டிருந்தோம்.

"அதைத் தொடாதீங்க! எங்கப்பா கையால பண்ணுனது! அந்த மூலையிலதான் இருக்கணும்!"

"புரியுது, புரியுது" என்றாள் பெரியம்மா. "கோரல், அடுத்து என்ன?"

நாங்கள் அடுப்பைக் கீழே வைத்தோம். வாளியில் ஒரு மீன் துள்ளியது. ரஸ்ஸலின் முகம் எங்கள் பாறைகளை விடச் சிவந்தது. அடுப்பின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்தார்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"நாளைக்கு வாங்க. படம் காட்டாம, வந்து பாருங்க."

வந்தார். பெரியம்மா முன்னால் நடந்தாள். வெளியாட்கள் பார்க்கக் கூடாத சில இடங்களில், "இந்தப் பக்கம் திரும்பாதீங்க, இது உங்களுக்கில்ல" என்றாள். அவசரமாகக் கண்ணை மூடிய ரஸ்ஸல், வழுக்கிக் கால்சட்டையைப் பின்பக்கம் கிழித்துக்கொண்டார். தொப்பியால் மறைத்தபடியே மிச்ச தூரம் நடந்தார். குட்டியோடு நின்ற கங்காரு முன்னால் வந்ததும் மறைக்க மறந்துவிட்டார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

தலைமை அலுவலகத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். கடைசியில் சாலை பாறைகளைச் சுற்றிக்கொண்டு போனது. சேதி வந்த அன்று பெரியம்மா கங்காருப் பாறையில் கன்னத்தை வைத்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ஆனாலும் தொழிற்சாலை வந்துவிட்டது. காற்று திரும்பினால் புகை பாறைகள் மேல்தான் படிகிறது. செதுக்கல்கள் மங்குமா என்று பேச அடுத்த வாரம் தலைநகர் பெர்த்தில் கூட்டம். பெரியம்மா போகிறாள். அமைச்சகத்துக்கு நேற்று போனில், "ஐயா, உங்க சௌகரியம் எப்படியோ அப்படி" என்று குழைந்தாள். பாவம், அவர்களுக்கு அவளைத் தெரியாது.