கிருத்திகைக்கு மறுநாள்

தொப்பம்பட்டிப் பக்கம் நாச்சிமுத்துவைக் கஞ்சன் என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார். சிக்கனக்காரர் என்று சொன்னால் உட்காரவைத்துக் காபி கொடுப்பார். முருங்கைக் காட்டுக்காரர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கடைசி ரூபாய் வரைக்கும் மல்லுக்கட்டுவார். பேரம் பேசாமல் அவர் வாங்குவது இரண்டுதான்: பஸ் டிக்கெட், மாத்திரை. பஸ்ஸையாவது விட்டுவிட்டு நடந்து போய்விடலாம். மாத்திரையை என்ன செய்வது என்ற ஆற்றாமை அவருக்கு ரொம்ப நாளாக உண்டு.

மாத்திரை அவருக்கில்லை, மனைவி வேலாத்தாளுக்கு. அறுபதைத் தாண்டியதும் சர்க்கரை வந்துவிட்டது. பழனியில் தனியாகக் கிளினிக் வைத்திருந்த தமிழ்மதி என்கிற டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்று எழுதிக்கொடுத்தார். அரசு சுகாதார நிலையத்தில் இந்த நோய்க்குச் சும்மாவே மாத்திரை தருகிறார்கள். ஆனால் காட்டுக்காரர் பெண்டாட்டி போய் வரிசையில் நிற்பதாவது? கௌரவம் ஒரு பக்கம் இழுத்தது, காசு ஒரு பக்கம் இழுத்தது. நடுவில் மாட்டிக்கொண்டது வேலாத்தாள்.

அவள் மறுபேச்சுப் பேசாதது இரண்டு பேரிடம். ஒருவர் பழனி முருகன், இன்னொருவர் புருஷன். மாதம் தவறாமல் கிருத்திகை விரதம் இருப்பாள். மறுநாள் மலையேறிக் கும்பிட்ட பிறகுதான் வாயில் சோறு வைப்பாள். ஒரு தடவை நாச்சிமுத்து, "பழனிக்குப் போறதுதான் போறோம், அதே பஸ் காசுல டாக்டரையும் பாத்துப்போட்டு வந்தறலாம்" என்றார். காய்ந்த வயிற்றோடு ரத்தம் கொடுத்தாள். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. டாக்டரம்மா சந்தோஷமாகச் சீட்டில் ஒரு மாத்திரையை அடித்துவிட்டார்.

"முருகன் கொறச்சுப்போட்டாரு பாத்தியா புள்ள" என்றார் நாச்சிமுத்து விளையாட்டாக. அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளினிக் வாசலில் நின்றபடியே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த இடத்தில்தான் அவர் புத்தி கோணலாகப் போனது. குறைத்தது முருகனில்லை, பட்டினி என்பது தெரியாத அளவுக்கு அவர் அப்பாவி இல்லை. தெரிந்துகொண்டே, அன்றிலிருந்து டாக்டரைப் பார்ப்பது கிருத்திகைக்கு மறுநாள் என்றே வைத்துக்கொண்டார். விரதத்தையும் நீட்டினார். முந்தின நாலைந்து நாளும் சோறு கிடையாது, கீரையும் கொள்ளு ரசமும்தான். "விரதம் பெருசானா சாமி இன்னும் கொறப்பாரு" என்று சொன்னார். அவளும் நம்பினாள். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுகிற டெஸ்ட் ஒன்று உண்டு. டாக்டரம்மா அதை எழுத வரும்போதெல்லாம், "சாதா டெஸ்ட்டே நல்லா வருதுங்களே, அது எதுக்குங்க வீண் செலவு" என்று தடுத்துவிடுவார். இப்படியாக மாத்திரை ஒவ்வொன்றாகக் குறைந்து ஒன்றில் வந்து நின்றது. விரதம் முடிந்த நாளிலிருந்து வேலாத்தாள் எல்லாரையும் போல மூன்று வேளையும் சோறுதான் சாப்பிட்டாள். அதற்குத் தக்க மாத்திரைதான் இல்லை.

விரத நாட்களில் பஸ்ஸில் வரும்போது சில சமயம் அவளுக்குக் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். நாச்சிமுத்து பார்ப்பார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மற்றதற்கெல்லாம் பின்னால் அவர் தனக்குத்தானே ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டார். இதற்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை.

போன சித்திரையில் காட்டில் நடந்தபோது வேலிமுள் ஒன்று செருப்பைத் துளைத்து அவள் காலில் ஏறியது. ஏறியதே தெரியவில்லை. கால் மரத்துப்போய் ரொம்ப நாளாகியிருந்தது; வயதானால் அப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். புண் நாற ஆரம்பித்த பிறகு திண்டுக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்கள். மாத்திரையில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்படியிலேயே கரைந்துபோனது.

அங்கிருந்த டாக்டர் யாரையும் கேட்கவில்லை, அந்த மூன்று மாத டெஸ்ட்டை எடுத்துவிட்டார். ரிசல்ட்டோடு கட்டிலருகே வந்து நின்றார்.

"பழனியில எடுத்த ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு. இதைப் பார்த்தா மாசக்கணக்கா சர்க்கரை கட்டுக்குள்ளயே இல்லை. வீட்ல என்னம்மா சாப்பிட்டீங்க?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். வேலாத்தாள் முந்திக்கொண்டாள்.

"நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டனுங்க. தைக் கிருத்திகைக்கு மறுநாள் மலையேறறப்ப ஒருத்தரு பஞ்சாமிர்தம் குடுத்தாங்க. வேண்டாம்னு சொல்ல மனசு வரலீங்க. விரதத்துலயே ஒரு விரல் வாயில வெச்சுட்டனுங்க."

"ஒரு விரல் பஞ்சாமிர்தத்துக்கெல்லாம் இப்படி ஏறாதும்மா. இனிமே இன்சுலின் ஊசிதான் போடணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வேலாத்தாள் அழ ஆரம்பித்தாள். "டாக்டருக்கு என்னங்க தெரியும். அத்தனை மாசம் கொறச்சுக் குடுத்த சாமி. நான் நாக்க அடக்காம விட்டுட்டேன், அதான் வெரல எடுத்துக்கிட்டாரு. கால் ஆறுனதும் மொட்டை போடறேன்னு வேண்டியிருக்கறனுங்க. மன்னிச்சுக்குவாருங்களா?"

நாச்சிமுத்து கணக்குப் போட்டுப் பார்த்தார். விரலும் அவளுடையது, முடியும் அவளுடையது, பாவம் மட்டும் தன்னுடையது. பேசாமல் இருந்துவிடலாம். டாக்டர் போயாகிவிட்டது, இனிக் கேட்க ஆளில்லை. வாயை மூடிக்கொண்டிருக்க ஒரு பைசா செலவில்லை. வாழ்நாளெல்லாம் மிச்சம் பிடித்தவருக்கு அந்த ஒரு மிச்சத்தைப் பிடிக்க அன்றைக்கு முடியவில்லை.

"முருகன் கொறைக்கவும் இல்ல, ஏத்தவும் இல்ல புள்ள" என்றார். "பட்டினி கெடந்தா ரத்தத்துல கொறயும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் கிருத்திகைக்கு மறுநாளாப் பாத்து உன்னையக் கூட்டிட்டுப் போனேன். மாத்திரைக் காசுக்கோசரம். சாமி பேரைச் சொல்லி உன்னைய ஏமாத்திப்போட்டேன்."

வேலாத்தாள் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. இன்றைக்காவது வயிறாரத் திட்டட்டும் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப முருகன் எம்மேல கோவமா இல்லீங்களா?"

"இல்ல."

"நெசமாலுமா?"

"நெசமாலும் இல்ல புள்ள."

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "அது போதுமுங்க" என்றாள். பிறகு, "நீங்க காத்தால இருந்து வெறும் வயித்தோட இருக்கறீங்க. போயி ரெண்டு இட்லி சாப்புட்டு வாங்க" என்றாள்.

நாச்சிமுத்துவால் எழுந்திருக்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கப் பார்க்க அழுதார்.