பட்டர் கேக் புகை

ரெம்பியாவிலிருந்து அவள் தன் பழைய காரில் வருவாள். பாயா ரும்புட்டில் சாலையோரம் நிற்கும் என்னை ஏற்றிக்கொள்வாள். ஆயர் குரோவில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஃபேக்டரி. சின்னச் சின்ன மின்பொருள்களை நின்றபடியே பார்த்துப் பழுதானதை ஒதுக்கும் வேலை. என்னைவிட இளையவள், "அக்கா" என்று கூப்பிடுவாள். காலையில் இருவருக்குமே பேசத் தெம்பு இருக்காது.

காரில் ஏறினால் எப்போதும் ஓர் இனிப்பு வாசனை. பின்சீட்டில் பிள்ளைகளுக்குக் கேக் வாங்கி வைத்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் கதவு இடுக்கிலிருந்து பேனாவைவிடக் கொஞ்சம் தடித்த ஒன்றை எடுத்து இழுத்து, புகையை ஜன்னல் பக்கம் ஊதினாள்.

"வேப்பா, அந்த எலக்ட்ரிக் சிகரெட்டா?"

"ஆமாக்கா. சிகரெட் மாதிரி நாத்தம் இல்லல்ல, வீட்ல யாருக்கும் தெரியாது. மாமியா, என்ன சென்ட்டு போடுறேன்னு கேக்குது."

அவள் கணவன் லோரி ஓட்டுகிறவன், வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவான். இரண்டு பிள்ளைகள், நடமாட முடியாத மாமியார், சமையல், துணி எல்லாம் இவள் தலையில். யாரும் அவளைக் கூப்பிடாத நேரம் இந்தக் கார்ப் பயணம் ஒன்றுதான். அது எனக்குப் புரிந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. தலைவலித்தால் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிடுவேன்.

அதில் ஊற்றும் பாட்டில் திரவத்தின் வாசனையை மாம்பழம், திராட்சை என்று மாற்றி மாற்றி இழுத்தவள் கடைசியில் பட்டர் கேக்கில் வந்து நின்றாள். "இதுதான்க்கா நெஞ்சுல உரசாம எறங்குது" என்றாள்.

மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் வந்தது. சளியில்லாத வறட்டு இருமல். ஃபேக்டரி ஏர்கோன் குளிர்தான் காரணம் என்று இருவருமே நம்பினோம். இருமலுக்கு நல்லது என்று அவள் புதினா வாசனைக்கு மாறினாள். இழுத்ததும் தொண்டை குளிர்ந்து திறந்த மாதிரி இருக்கிறதாம். அதனால் முன்பைவிட ஆழமாக இழுத்தாள். உடை மாற்றும் அறைக்குப் படியேறும்போது பாதியில் நின்று கைப்பேசியைப் பார்ப்பாள். மூச்சு வாங்கத்தான் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் காலை புக்கிட் பெருவாங் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது காரை ஓரங்கட்டினாள். மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் தணிந்ததும் அவளே மெதுவாக ஓட்ட, பக்கத்துக் கடைவரிசையில் இருந்த கிளினிக்குக்குப் போனோம்.

முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி மருந்துப் புகை கொடுத்தார்கள். டாக்டர் நம்ம தமிழ்ப் பெண்.

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"இல்ல டாக்டர்."

பொய் இல்லைதான். டாக்டர் எழுதிக்கொண்டார். பேசாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த விசில் சத்தம் இன்னும் என் காதிலேயே இருந்தது.

"வேப் இழுக்குது டாக்டர். தினமும்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ன பிளேவர்?" என்று டாக்டர் கேட்டார். அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"கேக்ல, மிட்டாயில போடுற வாசனைதான். ஆனா அத வயித்துக்கு ஆகுமான்னுதான் பாத்திருக்காங்க. சூடாக்கி நெஞ்சுக்குள்ள இழுத்தா அது வேற. பட்டர் வாசனைக்குப் போடுற சில கெமிக்கல் நுரையீரலோட சின்னக் குழாய்களையே கெடுக்கும். உங்க பாட்டில்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. புதினா எரிச்சல மறைச்சிடும், அவ்ளோதான். எரிச்சல் உள்ள இருக்கும்."

காருக்கு வந்ததும், "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்லா" என்றாள்.

"உனக்கு மூச்சே வரலையே."

அதன்பிறகு கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. ஆனாலும் பாயா ரும்புட்டில் நிறுத்தி ஏற்றிக்கொள்ளத் தவறியதில்லை.

ஒருநாள் தானாகவே பேசினாள். வாசனையே இல்லாத திரவத்தை வாங்கி வேப்பில் ஊற்றியிருந்தாள். "சுடுதண்ணி ஆவிய மோந்த மாதிரி இருக்குக்கா. ருசி இல்லாம இத எதுக்கு இழுக்கணும்?" என்றாள். சில வாரங்களில் அதையும் விட்டாள். விட்ட நாட்களில் எரிந்து விழுந்தாள். இரண்டு தடவை மறுபடி வாங்கி, மறுபடி தூக்கிப் போட்டாள். கணவனிடம் அவளே சொன்னாள். அவன் திட்டவில்லை. தானும் லோரியில் இழுப்பதாகச் சொன்னானாம். அதைக் கேட்டு அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

இருமல் குறைந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். மூச்சு முழுசாகத் திரும்பவில்லை. புகையால் வந்ததா, முன்பே உடம்பில் இருந்த ஆஸ்துமா கிளம்பியதா என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இனி தொடக்கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்கள். கைப்பையில் இன்ஹேலர் வைத்திருக்கிறாள். சூப்பர்வைசர் அவளை உட்கார்ந்து செய்கிற பேக்கிங் வேலைக்கு மாற்றிவிட்டார். அங்கே ஓவர்டைம் குறைவு.

இப்போதும் ஒன்றாகத்தான் போகிறோம். ஃபேக்டரி வாசலில் காரை நிறுத்தியதும் ஷிஃப்ட் மணி அடிக்கும்வரை அவள் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். நானும் மூடிக்கொள்கிறேன்.