ஆறு மணிக்குச் சூடாகும் பெட்டி

போன மாதம் ஒரு நாள், மீன் அறையின் தாளில் நாற்பத்தேழு டிகிரி என்று எழுதிவிட்டேன். இரண்டு என்று எழுதியிருக்க வேண்டும். மஸ்கட்டில் ஒரு பெரிய கடையின் குளிர்கிடங்கில் எனக்கு வேலை. ஆறு அறைகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு கதவின் மேலும் சிவப்பாக எரியும் எண்ணைப் பார்த்துத் தாளில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நேரில் நின்று பார்த்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பதினோரு வருஷத்தில் நான் செய்த முதல் தப்பு அது. மேற்பார்வையாளர் சாலிம் ஒமான்காரர், நம் ஆட்களோடு பழகிப் பழகி இந்தி பேசுவார். தாளை என் முகத்துக்கு நேரே நீட்டி, "நாற்பத்தேழா? மீன் வெந்தாச்சா? தட்டு கொண்டு வரட்டுமா?" என்று சிரித்தார். எனக்கு எப்போதுமே வாயில் பேச்சு வராது. "வீடு, சார். வீட்டில் சூடு" என்று மட்டும் சொன்னேன். என் அறையில் ஏசி கெட்டுப்போனதாக அவர் நினைத்துக்கொண்டார். மறுநாள் தன் வீட்டிலிருந்து பழைய மேசை விசிறி ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வரவில்லை.

நான் சொன்ன வீடு புத்தூரில் இருக்கிறது. அன்றைக்கு அது பூட்டிக் கிடந்தது. அம்மா கண் ஆபரேஷனுக்காகச் சித்தூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஆளில்லாத அந்த வீட்டுக்குள், டிவி பக்கத்தில் நான் வைத்துவிட்டு வந்த ஒரு பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சூடு என் போனில் தெரியும். பகலெல்லாம் முப்பத்தைந்து. ஊரில் மாலை ஆறு மணி ஆனதும், அதாவது இங்கே நாலரை ஆனதும், எண் ஏற ஆரம்பிக்கும். நாற்பது, நாற்பத்துநாலு, நாற்பத்தேழு. ஒரு மணி நேரம் அப்படியே நிற்கும். பிறகு மெல்ல இறங்கும். ஐந்து நாளாக இப்படி. எண்களைப் பார்ப்பதே என் தொழில். எங்கள் கிடங்கில் ஒரு எண் இப்படி ஏறினால், யாரோ கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்தப் பெட்டி வந்த கதையைச் சொல்ல வேண்டும். என் தம்பி சேகர் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கமெல்லாம் கல்யாண வீடியோ எடுப்பவன். போன வருஷம் சாலை விபத்தில் போய்விட்டான். பீரோவில் மூன்று ஹார்டு டிஸ்க் விட்டுப்போயிருந்தான். அவ்வளவு கல்யாணத்திலும் அவன் முகம் ஒன்றில்கூட இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவன்தானே. குரல் மட்டும் இருக்கிறது. "பொண்ணு கொஞ்சம் தலைய தூக்குமா," "மாமா, நீ துன்னுக்கினே இரு, என்ன பாக்காத" என்று. தங்கையின் கல்யாண வீடியோவில் ஓரிடத்தில் என்னிடம் பேசுகிறான். "இன்னாண்ணா, தூணுக்குப் பின்னால ஒளிஞ்சிகினு கீற? உன்ன யாரும் மாப்ள பாக்க வர்ல. வெளிய வா." படத்தில் என் சட்டைக் கை மட்டும் தெரிகிறது. நான் வெளியே வரவில்லை. அவன் என்னைக் கூப்பிட்ட குரல் உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

விடுமுறையில் போனபோது மூன்று டிஸ்க்குகளையும் துண்டில் சுற்றிக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். தம்பி போய் வருஷம் திரும்பாததால் மலைக்குப் போகக் கூடாது. திருப்பதி வரைக்கும் போய், மலையேறும் அலிபிரிப் பக்கம் திரும்பாமல் வந்தது அதுதான் முதல் தடவை. பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் ரெட்டி, என் வயசுதான், பாதி தெலுங்கு பாதி தமிழ். அம்மா வீட்டு டிவியில் பார்க்க வேண்டும், நான் மஸ்கட்டில் பார்க்க வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது என்று எழுதிவைத்ததைப் படிப்பது போல ஒப்பித்தேன். வைஃபை பெட்டியோடு ஒயர் போட்டு இணைக்கும் டிஸ்க் பெட்டி இருக்கிறது, நாஸ் என்பார்கள் என்று இரண்டை எடுத்துவைத்தார். ஒன்றில் ஒரு டிஸ்க் போடும் இடம், இன்னொன்றில் இரண்டு. பழைய கம்ப்யூட்டரையே அப்படி மாற்றலாம், மலிவு, ஆனால் கரண்டு தின்னும், அம்மாவால் பார்த்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னார்.

"ரெண்டு டிஸ்க்கு எதுக்கு?" என்றேன்.

"ரெண்டுலயும் ஒரே சமாச்சாரம் எழுதும்ணா. ஒகட்டி போத்தே இன்கொகட்டி உண்டுந்தி. ஒண்ணு போயிட்டா இன்னொண்ணு இருக்கும்."

நான் துண்டின் நுனியை மடித்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்து, விலைதான் இடிக்கிறது என்று அவர் நினைத்துவிட்டார். "சரே, ரெண்டு எடம் இருக்கற பெட்டி எத்துக்கோ. இப்ப ஒரு டிஸ்க்கு போடு, அடுத்த லீவுல இன்னொண்ணு போடலாம்," என்றார். தலையாட்டினேன். பழைய டிஸ்க்குகளிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற இரண்டு நாள் ஆனது. மூன்றாவது டிஸ்க் கடக் கடக் என்று சத்தம் போட்டதாம். "கடைசி மூச்சுல எடுத்தேண்ணா. இதுங்கள இனிமே நம்பாத," என்று திருப்பிக் கொடுத்தார். ஒரு டிஸ்க்கும், ஒரு காலிப் பொந்துமாகப் பெட்டி வீட்டுக்கு வந்தது.

அந்தப் பெட்டிதான் பூட்டிய வீட்டில் சூடாகிக்கொண்டிருந்தது. ரெட்டியிடம் போனில் கேட்டேன். டிஸ்க் தினமும் ஐம்பதை ஒட்டிப் போனால் சீக்கிரம் செத்துவிடும் என்றார். "யாராச்சும் தினம் அதே நேரத்துக்குப் படம் பாக்கறாங்களா?" என்று கேட்டார். ஆப்பில் பார்த்தால் யாரும் எதையும் போடவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"வீட்ல யார்னா கீறாங்களாம்மா?"

"யார் கீறாங்க? பூட்டிட்டுதான வந்தேன். ஏன் நைனா, திருடன் கிருடன் வந்துட்டானா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

கண்ணில் கட்டுப் போட்டிருப்பவளிடம் மேலே என்ன கேட்பது? மறுநாள் நாலரைக்கு மீன் அறைக்குள் நின்றுகொண்டு போனைப் பார்த்தேன். என் மூச்சு வெள்ளையாக வெளியே போனது. முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. பூட்டிய அறையில், சேகர் குரல் இருக்கும் பெட்டியருகே யாரோ வந்து உட்கார்ந்து மெல்லச் சூடாவதைப் போல இருந்தது. பயம் என்று சொல்ல முடியாது. வெளியே வா என்று அவன் கூப்பிட்டது மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்குத்தான் தாளில் தப்பாக எழுதினேன்.

ஆறாம் நாள், வெட்கத்தை விட்டுப் பக்கத்து வீட்டுச் சரசக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். ஊரில் சரியாக ஆறு மணி. எடுத்ததும் அவள் பின்னால் தெரிந்தது எங்கள் வீட்டுச் சுவர்.

"நீ எப்டிக்கா உள்ள?"

"நல்லாக் கேட்ட போ! உங்கம்மா சாவி குட்த்துட்டுப் போச்சே. வருஷம் திரும்பற வரைக்கும் சேகருக்கு வெளக்கு நிக்கக் கூடாதுன்னு. தினம் நாந்தான் ஏத்திக்கினு கீறேன். பாரு."

போனைத் திருப்பினாள். டிவி பக்கத்தில் பெட்டி இல்லை. சாமி அலமாரிக்குக் கீழே சேகர் போட்டோ, அதன் முன்னால் பெட்டி. நெற்றி மாதிரி இருந்த இடத்தில் சந்தனம், குங்குமம். சித்தூருக்குப் புறப்படும் முன் ஒயரோடு அதை அங்கே நகர்த்தி, மேலே அவனுடைய துண்டைப் போர்த்தியிருந்தாள் அம்மா. காற்றுப் போகும் ஓட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளி, பெரிய காமாட்சி விளக்கு நின்று எரிந்துகொண்டிருந்தது. என் போனில் எண் ஏறியது.

"அக்கா, வெளக்க கொஞ்சம் தள்ளி வையேன். சூட்டுல அது கெட்டுடும்."

"ஐயோ, நான் கை வக்க மாட்டேம்பா. உங்கம்மாவக் கேளு."

கேட்டேன். அம்மா, "அவன் குரலு அதுலதான கீதுன்னு நீதான சொன்ன?" என்றாள். "அவன இருட்டுல வக்கச் சொல்றியா?"

சொன்னது நான்தான். டிஸ்க், சூடு, ஆயுள் என்றெல்லாம் பேச வாயெடுத்து, வழக்கம் போல விட்டுவிட்டேன். கடைசியில் துண்டை மட்டும் எடுக்கச் சம்மதித்தாள். எண் நாற்பத்துமூன்றில் நின்றது. விளக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

காலிப் பொந்தில் இன்னொரு டிஸ்க் போட்டுவிடலாமா என்று ரெட்டியிடம் கேட்டேன். "ஒரே வெளக்கு முன்னால ரெண்டையும் வச்சா ரெண்டும் போகும்ணா," என்றார். "இன்னொண்ண உன்கிட்ட வச்சிக்கோ." இங்கே மஸ்கட்டின் ரூவிக் கடைத்தெருவில், இருப்பதிலேயே சின்னதாக ஒரு டிஸ்க் பெட்டி வாங்கினேன். அங்கிருந்து இங்கே நகல் எடுக்கும்படி ரெட்டி தூரத்திலிருந்தே அமைத்துத் தந்தார். தினமும் எத்தனை மணிக்கு ஓடட்டும் என்று கேட்டபோது, யோசிக்காமல் ஊர் நேரத்துக்கு ஆறு மணி என்றேன்.

நகல் எல்லாம் எடுத்து முடிந்துவிட்டது. புதிதாக எதுவும் சேரப்போவதில்லை; சேர்ப்பவன் இல்லை. இருந்தாலும் எதுவும் மாறவில்லையே என்று தினமும் ஒரு முறை சரிபார்க்கும். இப்போது எனக்குக் காலை ஷிப்ட். நாலரைக்கு நான் என் கட்டிலில் படுத்திருக்கும்போது, தலைமாட்டில் அது விழித்துக்கொண்டு டிக் டிக் என்று ஆரம்பிக்கும். கம்பெனி அறைகளில் நெருப்பு ஏற்றக் கூடாது. விளக்கு இல்லாமலே முப்பத்தொன்று முப்பத்தெட்டு ஆகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். டிஸ்க் ஓடினால் சூடாகும் என்று ரெட்டி விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்த நேரத்தில் கால்களை மடக்கிக்கொண்டு, கட்டிலில் பாதி இடத்தை விட்டுவிடுகிறேன். சாலிம் கொடுத்த விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைக்கிறேன். அறையில் கூட இருக்கும் நேபாளிப் பையன் அதை வைஃபை பெட்டி என்று நினைத்துக்கொண்டு, பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

கிடங்கில் மீந்துபோன தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டு வரிசை. மஸ்கட், முப்பத்தெட்டு. அதன் எதிரில் என் கையெழுத்து. புத்தூர், நாற்பத்துமூன்று. அதையும் தினமும் எழுதுகிறேன். நேரில் நின்று பார்த்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். புத்தூருக்கு எதிரில் இருக்கும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவைக்கிறேன்.