மூடியில்லாத பக்கெட்

அந்தப் பேராசிரியரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய கைக்குட்டைதான். வெள்ளை வெளேரென்று, மடிப்புக் கலையாமல், அத்தர் மணத்தோடு இருக்கும். அடையாற்றில் எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்குள் நுழையும்போதே அதை மூக்கில் பொத்திக்கொள்வார். மாட்டுச் சாணத்தில் மின்சாரம் செலுத்தி எரிவாயுவைப் பெருக்குவது பற்றி மேடை மேடையாகப் பேசியவர். அவர் கையில் சாணம் பட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. தொடுவது அவருடைய ஆய்வு மாணவியான என் வேலை. கொண்டுவருவது என் அம்மாவின் வேலை.

அம்மா மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் மாட்டுக் கொட்டகையில் சாணம் அள்ளுகிறாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு இன்றும் உண்டு. ஆய்வுக்குப் புதுச் சாணம் வேண்டும் என்றதும், "எங்க கொட்டாயில இல்லாத சாணியா? நான் எட்தாறேன்மே" என்று இரண்டு பக்கெட்டோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒன்றுக்கு மூடி இருந்தது, மற்றதைச் சாக்கால் கட்டியிருந்தாள். "இன்னாம்மா, சாணி போட்டுக் காலேஜ மெய்வப் போறியா?" என்றார் வாட்ச்மேன். "ஆமா நைனா, உன் மூஞ்சிலேர்ந்து ஆரம்பிக்கட்டா?" என்றாள் அம்மா. நான் சிரிக்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

சோதனை எளிமையானதுதான். காற்றுப் புகாத இரண்டு நீலப் பீப்பாய்களில் சாணக் கரைசல். ஒன்றில் மட்டும் கம்பி வலைகளை இறக்கி, டார்ச் பேட்டரி தருவதைவிடக் குறைந்த அழுத்தத்தில் மின்சாரம் கொடுப்போம். அந்தச் சிறு தூண்டுதலில் சாணத்திலுள்ள நுண்ணுயிர்கள் இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்து அதிக வாயு தருமா என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கெட் சாணத்தையும் ஒன்றாகக் கலந்து பிறகுதான் பிரித்திருக்க வேண்டும். அம்மாவைச் சீக்கிரம் வெளியே அனுப்பும் அவசரத்தில், பீப்பாய்க்கு ஒன்றாக நேரடியாகக் கொட்டிவிட்டேன். தப்பு என்னுடையது.

சில வாரங்களில் மின்சாரப் பீப்பாயின் வாயுப்பை தலையணைபோல உப்பியது. மற்றது அசையவே இல்லை. பேராசிரியர் கைக்குட்டையை இறக்கிவிட்டுச் சிரித்த ஒரே நாள் அது. வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "பின்ன? நான் மட்டும் சும்மாவா எட்தாந்தேன்? மூடியில்லாத பக்கெட்டுல ஒரு பாட்டில் பினாயில் ஊத்திக்கினு வந்தேன். காலேஜுக்குப் போற சாணி நாறலாமா?"

பினாயில் கிருமியைக் கொல்லும். வாயு தர வேண்டிய நுண்ணுயிர்களும் கிருமிகள்தானே? மூடியில்லாத பக்கெட்டைத்தான் மின்சாரம் இல்லாத பீப்பாயில் கொட்டியிருந்தேன். மின்சாரம் எதையும் ஜெயிக்கவில்லை. எதிரில் நின்றது பிணம். ஆய்வகத் தரையைத் தினமும் பினாயிலால்தான் துடைப்பார்கள், அதனால் அந்த வாடை எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் பேராசிரியரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மேசை இழுப்பறையைச் சாத்திவிட்டு நிதானமாகக் கேட்டார். "இது வேற யாருக்குத் தெரியும்?" யாருக்கும் தெரியாது என்றேன். "அப்போ விடு. உங்க அம்மா பண்ணின அசிங்கத்தை நான் கட்டுரையில எழுதணுமா? உனக்குப் பட்டம் வேணுமில்ல?" கைக்குட்டை மறுபடி மூக்குக்குப் போனது. பதினைந்து வயதுவரை அம்மாவோடு கொட்டகையில் சாணம் அள்ளியிருக்கிறேன். ஒருமுறைகூட வாந்தி வந்ததில்லை. அன்று அந்த அத்தர் வாசனைக்கு வந்தது.

ஆனாலும் உடனே எதுவும் செய்யவில்லை. பட்டம் வேண்டுமே. பத்து நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதற்குள் கல்லூரிக் கண்காட்சிக்காக அந்த முடிவைப் பெரிய தட்டியில் அச்சிட்டு வாசலிலேயே வைத்துவிட்டார்கள். அவர் பெயருக்குக் கீழே என் பெயர். அடுத்த சோதனைக்குப் புதுச் சாணத்தோடு வந்த அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரே சொல் என் பெயர். விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "பாத்தியா நைனா, எம் பொண்ணு பேரு" என்றாள். என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அவளை ஓரமாக இழுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

பினாயில் பற்றிக் கேட்டதும் முகம் சுருங்கியது. பிறகு தட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "பொய்னு தெரிஞ்சேவா அவரு வெச்சிக்கீறாரு?"

"ஆமாம்மா."

"தெரிஞ்சேவா நீயும் நின்னுக்கினு கீற?"

என் கண் தட்டியில் இருந்த என் பெயருக்குப் போனது.

"சீ" என்றாள். சாணம் அள்ளுகிற என் அம்மா மூக்கைப் பொத்தி அன்றுதான் பார்த்தேன்.

அன்று மாலையே நடந்ததைத் துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுத்தேன். தட்டி இறங்கியது; பேராசிரியருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வேறு வழிகாட்டி, ஓர் ஆண்டு தாமதம். இரண்டாம் முறை எல்லாச் சாணத்தையும் ஒரே தொட்டியில் கொட்டி, கையை முழங்கை வரை விட்டுக் கலந்தேன். இரண்டு பைகளும் உப்பின. இப்போது ஈக்காட்டுத்தாங்கலில் சாண எரிவாயுக் கலன் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன்; அவர் இன்னும் மேடைகளில் பேசுகிறார்.

அந்த இரண்டாம் சோதனையின் முடிவு வந்த அன்று அம்மாவை ஆய்வகத்துக்குள்ளேயே கூட்டிப்போனேன். மின்சாரம் கொடுத்த பை மற்றதைவிடச் சற்றுத்தான் பெரிதாக இருந்தது. அவள் இரண்டையும் அமுக்கிப் பார்த்தாள்.

"இம்மாந்தானா?"

"இம்மாந்தான்மா."

"சரி. இதுல உன் பேர எய்து."